அந்த வீட்டில் ஒரு பியானோ இருந்தது

அருங்காட்சியகங்களில் ஓவியத்துக்குப் பக்கத்துச் சுவரில் சிறு குறிப்பு எழுதி ஒட்டுகிறவர்களுக்கும், கண்காட்சிகளுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கும்,



உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். திறந்த மடலில் அது ஒரு வசதி. யாருக்கு எழுதினோமோ அவர் படிக்காவிட்டாலும் வழியில் போகிற நாலு பேர் படிப்பார்கள்.

விஷயம், டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய். 1864இல் கோபன்ஹேகனில் பிறந்து, அதே ஊரில் 1916இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்துபோனவர். வாழ்ந்தது 51 ஆண்டுகள். சாம்பல் சுவர், வெள்ளைக் கதவு, முதுகு காட்டி நிற்கும் கறுப்பு உடைப் பெண் என்று சொன்னால், பெயர் தெரியாதவர்களுக்கும் படம் நினைவுக்கு வந்துவிடும்.

அண்மையில் ஓர் அரங்கில் அவருடைய படம் ஒன்றின் முன்னால் நின்றேன். எந்த அரங்கு என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். பக்கத்தில் இருந்த குறிப்பு எட்டு வரி. அதில் ‘மௌனம்’ மூன்று முறை வந்தது. ‘தனிமை’ இரண்டு முறை. ‘மர்மம்’ ஒரு முறை. எனக்கு முன்னால் நின்ற இருவர் குறிப்பை முழுதாகப் படித்தார்கள், படத்தை ஒரு பார்வை பார்த்தார்கள், தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்ன தெரியும் என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிட்ட பிறகு எதற்காகப் பார்க்க வேண்டும்?

2008இல் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த பெரிய கண்காட்சிக்கே ‘மௌனத்தின் கவிதை’ என்றுதான் பெயர். அதற்கு முன்பும் பின்பும் அந்தச் சொல் அவரை விட்டபாடில்லை. ஊரில் சில பேருக்குச் சின்ன வயதில் ஒரு பட்டப்பெயர் விழும். அறுபது வயதில் அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் அந்தப் பெயரில்தான் அழைப்பார்கள். அந்த மாதிரி.

அந்த மௌனமான வீட்டில் என்ன இருந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

1901இல் வரைந்த ஒரு படம். முன்னால் வெள்ளை விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசை. மேலே தட்டு, வெண்ணெய். ஓவியம் முழுவதும் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்க, அந்த வெண்ணெய் மட்டும் மஞ்சளாக மின்னுகிறது. மேசைக்கு அப்பால், சுவரையொட்டி ஒரு பியானோ. அதன் முன் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் இடா, ஓவியரின் மனைவி. அவர் வாசித்துக்கொண்டிருக்கலாம், வாசிக்கத் தொடங்கப் போகலாம், இப்போதுதான் முடித்திருக்கலாம். எது எப்படியோ, பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து ‘மௌனம்’ என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அது மட்டுமா? அதே வீட்டின் இசை அறையை அவர் 1907இல் தனியாகவே வரைந்திருக்கிறார். வயலினுக்கும் செல்லோவுக்கும் இடம் கொடுத்த அறை. அதற்கு வெகு முன்பு, 1893இல், செல்லோ வாசிக்கும் இளைஞன் ஒருவனை வரைந்தார். அவன் ஹென்றி பிராம்சன். ஹாமர்ஷோயின் படங்களை ஓயாமல் வாங்கிச் சேர்த்து, அவர் இறந்த பிறகு 1918இல் படைப்புகளின் பட்டியலையும் வெளியிட்ட ஆல்ஃபிரட் பிராம்சனின் மகன். (ஆல்ஃபிரட் பிராம்சன் தொழிலால் பல் மருத்துவர். நாள் முழுக்க வலியில் முனகுகிறவர்களின் வாயைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இந்தச் சாம்பல் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) இங்கிலாந்தில் ஹாமர்ஷோயைக் கொண்டாடிய முதல் ஆட்களில் ஒருவர் லெனார்ட் போர்விக். அவர் பியானோக் கலைஞர். அவர் நினைவாக நண்பர்கள் 1926இல் ஹாமர்ஷோயின் அறை ஓவியம் ஒன்றை பிரிட்டனின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்தார்கள். இப்படி அவரைச் சுற்றி இருந்தவர்கள் பாதிப் பேர் இசைக்காரர்கள். ஓசையில்லாத வீட்டைத் தேடியா இவர்கள் வந்திருப்பார்கள்?

வெளியேயும் அப்படித்தான். அந்த வீடு இருந்த இடம் கிறிஸ்டியன்ஸ்ஹவுன். துறைமுகப் பகுதி. தெருவின் பெயர் ஸ்ட்ராண்ட்கேட். கடற்கரைத் தெரு என்று தமிழில் சொல்லலாம். கப்பல்களும் கிடங்குகளும் பாய்மரக் கம்பங்களும் சூழ்ந்த இடம். பெரிய கப்பல் எந்திரத் தொழிற்சாலை ஒன்றும் அந்தப் பகுதியிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்தால் கேட்கும் சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. அவர் சன்னலை மூடி வைத்து வரைந்தார் என்பதற்காக, தெருவே ஊமையாகிவிடுமா?

இந்த இடத்தில் எனக்குச் சொந்தமான ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்கிறேன். அந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஸ்ட்ராண்ட்கேட் 25இல், டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கட்டடங்கள் நின்றன. நடுவில் ஒரு வளைவு வாசல், இரு பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது போல இரண்டு கட்டடங்கள். ஹாமர்ஷோய் அதை 1902இல் வரைந்திருக்கிறார். தெருவில் ஆள் இல்லை. வாசலுக்குப் பின்னால் பனிமூட்டத்தில் ஒரு கப்பலின் கம்பம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. குறிப்பு எழுதுகிறவர் இதற்கும் ‘மௌனம்’ என்று எழுதியிருக்கிறார். 1732இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் கையில்தான் 1777 வரை தரங்கம்பாடி இருந்தது. கோபன்ஹேகன் துறையிலிருந்து கிளம்பிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய் நங்கூரம் போட்டது நம்முடைய சோழமண்டலக் கடற்கரையில், டேன்ஸ்போர்க் கோட்டைக்கு எதிரே. தமிழ் அச்சுக்கூடத்துக்கும் புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சுக்கும் வழிவிட்ட ஊர் அது. அதை 1845இல் டேனியர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கம்பெனி அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பே கலைந்துபோயிருந்தது. ஹாமர்ஷோய் வரையும்போது அந்த வாசல் வேலையற்று நின்ற வாசல்தான். ஆனால் வேலை முடிந்து நிற்பதும் வாயடைத்து நிற்பதும் ஒன்றல்லவே. பருத்தித் துணியும் மிளகும் உள்ளே போன வழி என்று ஒரே ஒரு வரி எழுதினால் அந்தக் கம்பத்தைப் பார்வையாளர் வேறு கண்ணால் பார்ப்பார்.

தம் கடைசி ஆண்டுகளில், 1913லிருந்து 1916 வரை, ஹாமர்ஷோய் குடியிருந்தது அதே ஆசியக் கம்பெனிக் கட்டடத்தில்தான். எதிரிலிருந்து வரைந்த வீட்டுக்குள்ளேயே குடிபோனார்.

குடித்தனம் என்றதும் இன்னொன்று. நீங்கள் குறிப்புகளில் ‘ஓவியரின் இல்லம்’ என்று எழுதுகிறீர்கள். கேட்பதற்குப் பரம்பரை வீடு போல இருக்கிறது. அது வாடகை வீடு. ஸ்ட்ராண்ட்கேட் 30, 1636ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் முதல் மாடியில் 1898லிருந்து 1909 வரை ஹாமர்ஷோயும் இடாவும் குடியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஃபிரெடரிக்ஸ்பெர்கில் ஒரு வீடு. பின்னால் பிரெட்கேட் 25இல் ஒரு வீடு. ஒவ்வொரு முறை மாறும்போதும் அதே மேசை, அதே நாற்காலி, அதே சோஃபா கூடவே போயின. புது வீட்டுச் சுவரையொட்டி அதே மேசையைப் போட்டுப் பார்த்து, வரைந்து, நகர்த்தி, மறுபடியும் வரைந்த மனிதர் அவர். வாடகைக்கு இருந்து பழகியவர்களுக்கு இது புரியும். வீடு மாறி முதல் வாரம் நாம் செய்வதும் அதுதான்: பழைய சாமான்களைப் புது மூலைகளில் வைத்துப் பார்ப்பது. அவர் அதை ஆயுள் முழுக்கச் செய்தார், கையில் தூரிகையோடு.

ஸ்ட்ராண்ட்கேட் 30இல் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட உள்ளறை ஓவியங்கள். ஒரே சன்னலும் ஒரே கதவும் கொண்ட ஒரு குறிப்பிட்ட மூலையை எத்தனை முறை வரைந்தார் என்று பாருங்கள். 1900இல் ‘சூரியக் கதிரில் ஆடும் தூசுத் துகள்கள்’, இப்போது கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரப்கோர் அருங்காட்சியகத்தில். 1901இல் தரையில் விழும் வெயிலோடு ஒன்று. 1906இல் இன்னொன்று, லண்டன் டேட்டில். அதே மூலை நிலா வெளிச்சத்தில், நியூயார்க் மெட்ரோபாலிட்டனில். சிலவற்றில் மேசை உண்டு, சிலவற்றில் இல்லை. சன்னல் சட்டத்தின் நிழல் தரையில் எங்கே விழுகிறது என்பதை வைத்து மணி என்ன, பருவம் என்ன என்று கணக்குப் போடலாம் போல் இருக்கும். ஒரு மூலைக்கு இத்தனை முறை திரும்பிப் போகிறவருக்கு அங்கே ஏதோ தீரவில்லை என்று அர்த்தம். அது என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைத் தேடத்தான் நான் வந்தேன். நீங்கள் குறுக்கே ஒரு சொல்லை ஒட்டிவைத்திருக்கிறீர்கள்.

அவரே ஒரு துப்புக் கொடுத்திருக்கிறார். 1907இல் ஒரு டேனிஷ் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், ஓர் இடத்தை வரையத் தேர்ந்தெடுக்க வைப்பது முதலில் அதன் கோடுகள்தான் என்கிறார். கட்டுமானம் என்று பொருள்படும் ஒரு விதத்தில் அதைச் சொல்கிறார். வெளிச்சமும் முக்கியம், ஆனால் கோடுதான் முதலில். வண்ணம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் சொல்கிறார். இதில் மௌனம், தனிமை, ஏக்கம் எதுவும் வரவில்லை. ஒரு தச்சரோ கொத்தனாரோ பேசுகிற பேச்சு இது. கதவுச் சட்டம், பலகைப் பிரிவுகள், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, தரைப்பலகையின் ஓட்டம். கோபன்ஹேகனில் டேவிட் தொகுப்பில் இருக்கும் ‘வெள்ளைக் கதவுகள்’ (1905) படத்தின் முன் நின்றால் தெரியும். ஆளும் இல்லை, சாமானும் இல்லை. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு அளவு திறந்திருக்கிறது. யாரோ ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளி, பின்னால் வந்து பார்த்து, மறுபடி போய் ஒரு விரற்கடை இழுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் எனக்குக் கேட்பது கீல்களின் கிரீச்.

கோட்டுக்காக அவர் பொய்யும் சொல்வார். தூசுத் துகள் படத்தில் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. வேறு சில படங்களில் மேசைக் கால்களின் நிழல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விழுகின்றன. அமைதியான வீட்டைக் காட்ட வந்தவர் கைப்பிடியை ஏன் எடுக்க வேண்டும்? இதைச் சொல்ல எட்டு வரி போதும். சொன்னால், பார்வையாளர் உடனே அடுத்த படத்துக்கு ஓடிப்போய்க் கைப்பிடியைத் தேடுவார். குறிப்பின் வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் படங்கள் யாருக்கும் இதமாக இருக்கவில்லை. 1885இல், 21 வயதில், தங்கை அன்னாவை வரைந்த படத்தை ஒரு பரிசுக்கு அனுப்பினார், கிடைக்கவில்லை. அவருக்காகச் சக ஓவியர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு அது பெரிதானது. அன்னா தையல் வேலை செய்வது போன்ற படத்தை 1888இல் சார்லட்டன்போர்க் கண்காட்சி திருப்பி அனுப்பியது. 1890இல் படுக்கையறைப் படம் ஒன்றும் திரும்பி வந்தது. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சேர்ந்துதான் 1891இல் ‘சுதந்திரக் கண்காட்சி’ என்று தனியாகத் தொடங்கினார்கள். அந்த நடுவர்களைத் திட்டுவது சுலபம், எல்லாரும் செய்வதுதான். எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கும் சாதாரணப் படத்தில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், அதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். இன்று நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. தலைவலிக்குத் தைலம் தடவுவது போல இந்தப் படங்களைத் தடவிக்கொண்டு போகிறோம்.

அவருடைய ஆசிரியர் பீடர் செவரின் குரோயர் இந்த விஷயத்தில் எல்லாரையும்விட நேர்மையானவர். வெயிலும் கடலும் விருந்துமாக வரைந்த மனிதர். தம் மாணவர்களில் ஒருவன் விசித்திரமாக வரைகிறான், தமக்கு அவனைப் புரியவில்லை, ஆனால் பெரிய ஆளாக வருவான் என்று தோன்றுவதால் அவன் மேல் தம் செல்வாக்கு படாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புரியவில்லை என்று ஒரு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு குறிப்பிலாவது அப்படி எழுதியிருக்கிறீர்களா?

இடாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘முதுகு காட்டி நிற்கும் பெண்’, ‘முகமற்ற பெண்’, ‘தன்னுள் ஒடுங்கிய பெண்’ என்று எழுதுகிறீர்கள். சிலர் அந்த முதுகைப் பார்த்தே தம்பதியின் மணவாழ்க்கைக்கு ஜாதகம் கணிக்கிறார்கள். அவர் பெயர் இடா இல்ஸ்டெட். 1869இல் பிறந்தவர். அண்ணன் பீட்டர் இல்ஸ்டெட்டும் ஓவியர்தான். அவரும் இதே மாதிரி அறைகளை வரைந்தார், கொஞ்சம் கதகதப்பாக. 1891இல் கல்யாணம். ஆண்டுக்கணக்காக அந்த அறைகளில் நின்றவர், உட்கார்ந்தவர், கடிதம் படித்தவர், தட்டைப் பிடித்துக்கொண்டு கை வலிக்கக் காத்திருந்தவர். ஓவியருக்கு மாதிரியாக நிற்பது வேலை. அசையாமல் நின்றால் பின்கழுத்து இறுகும், கால் மரக்கும். ‘தனிமை’ என்று நீங்கள் பெயர் வைத்த படத்தில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் வேலையாக நின்றுகொண்டும் ஒருவர் வேலையாக வரைந்துகொண்டும். வீட்டில் அன்றைய சமையல், வந்த கடிதம், வாடகை என்று ஏதாவது பேசிக்கொண்டுகூட இருந்திருக்கலாம்.

முகம் தெரிய வேண்டுமென்றால் ஓர்ஹூஸ் நகரத்து ஆரோஸ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1907இல் வரைந்த படம். இடா கையில் தேநீர்க் கோப்பையும் கரண்டியுமாக உட்கார்ந்திருக்கிறார். 38 வயது. முகத்தில் பச்சை படிந்திருக்கிறது, நெற்றியில் நரம்பு புடைத்திருக்கிறது. எந்த மனைவியும் கூடத்தில் மாட்டிக்கொள்ள ஆசைப்படாத படம். முதுகுப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் திடுக்கிடும். பிறகு மறுபடி முதுகுப் படத்துக்குப் போனால் அந்தப் பின்கழுத்து வேறு மாதிரி தெரியும்: வெளிச்சம் விழும் வெள்ளைப் பகுதி அந்த அறையிலேயே அதுதான், அதன்மேல் அவர் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார் என்று. இடா அவருக்குப் பிறகு 33 ஆண்டுகள் இருந்தார். 1949இல் இறந்தார். இதை ஒரு குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

சந்தை இந்தச் சொல்லை விரும்புகிறது என்பது எனக்கும் தெரியும். பியானோப் படம் 2017இல் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. இசை அறைப் படம் 2023இல் 91 லட்சம். விலை ஏற ஏற மௌனமும் ஏறுகிறது. அது ஏலக்காரர்கள் பாடு. நீங்கள் விற்கிறவர்கள் அல்லர். உங்களுக்கு என்ன நெருக்கடி?

கவிஞர் ரில்கே பட்ட பாட்டை வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள். 1904 டிசம்பரில், ஹாமர்ஷோயைப் பற்றி எழுத வேண்டும் என்றே கோபன்ஹேகனுக்குப் போய் அவரைச் சந்தித்தார். ஓவியரோ அதிகம் பேசாதவர். மறு ஆண்டு ரில்கே எழுதிய கடிதத்தில், இவரைப் பற்றி அவசரப்பட்டுப் பேசிவிட முடியாது, இவருடைய வேலை நீண்டதும் மெதுவானதுமாக இருக்கிறது என்கிற கருத்தைச் சொல்கிறார். கட்டுரை கடைசிவரை எழுதப்படவே இல்லை. சொற்களைத் தொழிலாக வைத்திருந்த மனிதர், நேரில் போய்ப் பார்த்தும், எழுதாமல் விட்டார். நீங்கள் அரைப் பக்கத்தில், மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள்.

குறிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் குறிப்புகள் பிடிக்கும். படத்தைவிட முதலில் அதைத்தான் படிப்பேன், அந்தக் கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு. குறை சொல்கிறவன் ஒன்றாவது எழுதிக் காட்ட வேண்டும் என்பது நியாயம். டென்மார்க்கில் ரேண்டர்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்துக்கு நான் எழுதிப் பார்த்ததைக் கீழே தருகிறேன். வேண்டுமானால் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை விடாமல் படிக்கும் ஒரு பார்வையாளன்

*

பின்புறமிருந்து காணும் இளம்பெண்ணுடன் ஓர் அறை. ஏறத்தாழ 1904. மாதிரியாக நிற்பவர் இடா ஹாமர்ஷோய், ஓவியரின் மனைவி, வயது 35 இருக்கும். ஒரு தட்டை இடுப்போடு சேர்த்து அணைத்திருக்கிறார். தலை சற்றுத் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் இருப்பது ராயல் கோபன்ஹேகன் பீங்கான் பாத்திரம். அதன் மூடி உடைந்து ஒட்டப்பட்டது, சரியாக உட்காராது. அந்த இடைவெளியை ஓவியர் அப்படியே வரைந்திருக்கிறார், பாருங்கள். வீடு, ஸ்ட்ராண்ட்கேட் 30, வாடகை. வீட்டில் பியானோ இருந்தது.